பொறுப்புதான் சரக்கு: ஒரு கல்லூரிக் கண்காட்சியில் கட்டற்ற மென்பொருள் கடை (நிகழ்வு ஆய்வு)

கண்காட்சி இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் மாலை கடையை மூடும்போது எங்கள் பதிவேட்டில் 11 பெயர்கள் இருந்தன. அதில் 7 பேர் எங்கள் துறை மாணவர்களே. இருவர், பக்கத்துக் கடையில் வெள்ளைப் பணியாரம் வேகும்வரை நிழலுக்கு ஒதுங்கியவர்கள். மிச்சம் இரண்டு பேரில் ஒருவர், மடிக்கணினியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தவர். இன்னொருவர் ஒரு பெரியவர். எங்கள் கடையைத் திருத்தியவர் அவர்தான்.

நான் காரைக்குடியை ஒட்டிய ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் ஆசிரியர். மாணவர் கணினி மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர். வேறு கல்லூரி மன்றங்களும் இப்படிக் கடை போட நினைக்கலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தவறுகளில் பாதிக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடை போட்ட காரணம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செயலியும் (பிராசஸர்) குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். எங்கள் விடுதியில் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் அக்காவிடமிருந்து தங்கைக்கும் கைமாறி வந்த கணினிகள்தான் அதிகம். அவற்றில் பல இந்த இரண்டு நிபந்தனையிலும் தேறாதவை. வேலை செய்யும் கணினியைத் தூக்கிப் போடவா முடியும்? லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் நான்கைந்து ஆண்டு ஓடும். தேவை இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது கடை திறந்ததும் கூட்டம் வந்துவிடும் என்று மாணவர்கள் நம்பினார்கள், நானும்தான்.

எங்களுக்கு நுழைவாயிலிலிருந்து மூன்றாவது இடம் கிடைத்தது. இடப்பக்கம் மகளிர் சுய உதவிக் குழுவின் பலகாரமும் பனையோலைக் கொட்டான்களும். வலப்பக்கம் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்து காட்டும் கைவினைஞர் ஒருவர். அவர் அச்சுக்குள் கண்ணாடித் தகட்டை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, பூ வரைந்து, மேலே மணலும் சிமெண்டும் தூவி அழுத்துவார். இரண்டு நாளும் அவரைச் சுற்றி ஆள் குறையவில்லை. நாங்களோ நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, மென்பொருள் சுதந்திரம் நான்கு வகைப்படும் என்று படக்காட்சி ஓட்டிக்கொண்டிருந்தோம். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். ஒரு சொல்கூடப் பிழையில்லை. நின்று பார்க்கத்தான் யாருமில்லை.

பதாகையில் ஒரு சொல்

பதாகையில் ‘இலவச மென்பொருள்! இலவசம்!’ என்று சிவப்பில் அச்சடித்திருந்தோம். அச்சுக்குப் போகும் முன் நான்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். காலை 10 மணிக்கு எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, “விலையைப் பற்றியா பேச வந்தீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து, ‘ஃப்ரீ’ என்றால் விலையில்லாதது அல்ல, தளையில்லாதது என்று விளக்கிச் சொல்லவே ஒரு தலைமுறை போயிற்று. அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கவும், வணிக நிறுவனங்களுக்கு எடுத்துச் சொல்லவும் 1998-ல் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரைப் பிடித்தார்கள். தமிழில் அந்தச் சிக்கலே கிடையாது. ‘கட்டற்ற’ என்று ஒரு சொல், ‘இலவச’ என்று வேறொரு சொல். 2011-ல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தபோது தமிழக அரசுகூட ‘இலவச’ என்பதைத் தவிர்த்து ‘விலையில்லா’ என்றுதான் அச்சிட்டது. இத்தனை நல்ல சொற்கள் கைவசம் இருந்தும், இருப்பதிலேயே மலிவானதை எடுத்துப் பதாகையில் போட்டோம்.

அந்தச் சொல்லால் வந்த கேடு கண்ணெதிரே தெரிந்தது. “இனாமா? அப்படியென்றால் ஏதோ கோளாறு இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே கடந்தவர்கள் உண்டு. “கடைசியில் எதை வாங்கச் சொல்வீர்கள்?” என்று கேட்டவரும் உண்டு. இந்த ஊருக்குக் கொடை புதிதல்ல. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்று தெரிந்த கொடை அது. எங்கள் கடையிலோ, கொடுத்தவர் யார் என்று கேட்டால் ‘உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள்’ என்றோம். ஊர் பேர் தெரியாதவன் கொடுத்ததை யார் வீட்டுக்குள் கொண்டுபோவார்?

நீலத் திரை

மதியம் இரண்டு மணி வாக்கில் ஒரு வணிகவியல் மாணவர் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்து, நிறுவாமல் ஓட்டிப் பார்க்க முடியுமா என்றார். முடியும், பென் டிரைவிலிருந்தே இயங்குதளத்தை ஓட்டலாம். மன்றத்தினர் வென்டாய் என்ற கருவியால் ஒரே பென் டிரைவில் நான்கைந்து லினக்ஸ் வகைகளை ஏற்றி வைத்திருந்தார்கள். செருகியதும், கையொப்பம் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தது. அது, நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் கணினியில் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற காவலின் வேலை. வென்டாயின் சாவியை முதல்முறை ஒருதரம் பதிவு செய்தால் போதும், பிறகு கேட்காது. எங்கள் தொண்டர் அதைச் செய்யாமல், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்க் காவலையே அணைத்துவிட்டார்.

லினக்ஸ் அழகாக வந்தது. பத்து நிமிடம் காட்டி முடித்து, பென் டிரைவை உருவி, மீண்டும் விண்டோஸுக்குப் போனால் நீலத் திரை. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் மீட்புச் சாவி, 48 இலக்கம், கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கிய புதிய கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கப்படும், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும். சொந்தக்காரருக்கே அது தெரிந்திருக்காது. தொடக்க ஏற்பாட்டில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கணினி சந்தேகித்துப் பூட்டிக்கொண்டது. அதன் கடமையை அது சரியாகவே செய்தது. தவறு எங்களுடையது.

அந்த மாணவரின் முகம் வெளுத்ததை மறக்க முடியாது. மறுவாரம் அவருக்குத் திட்ட அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும், எல்லாம் அதற்குள் இருந்தது. செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கியதும் கணினி சாவி கேட்காமல் திறந்துகொண்டது. இடைப்பட்ட இருபது நிமிடத்தில் அவர் எங்களைப் பற்றிச் சொன்னதைப் பலகார வரிசை முழுவதும் கேட்டது. எங்கள் முதல் நாள் விளம்பரம் அதுதான்.

பெரியவரின் கேள்விகள்

நாலரை மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. எண்பதைத் தொட்ட வயது. அவருடைய தகப்பனார் மலேயாவில் கடைக் கணக்கு எழுதியவராம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதாகையைப் படித்தார்.

“யாருக்கு லாபம் தம்பி?”

மன்றச் செயலாளர், மூன்றாம் ஆண்டு மாணவர், “யாருக்கும் இல்லை ஐயா, சேவையாகச் செய்கிறார்கள்” என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட ஆட்டம் இல்லை அது.

“எழுத்து இருக்கிறதா?”

உரிமத்தைத்தான் கேட்கிறார் என்று எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். எழுத்தில்லாத ஏற்பாடு அவர்களுக்கு ஏற்பாடே ஆகாது. எங்களோடு இருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், கட்டற்ற மென்பொருள் பலவற்றுக்கு உரிய குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை, 2007-ல் வந்ததை, திரையில் திறந்து நாற்காலியைப் போட்டார். பெரியவர் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். நாங்கள் யாரும் அதை முழுவதும் படித்ததில்லை. அரைமணி நேரம் அவர் எழவில்லை.

“இங்கே வா ஆத்தா” என்று அந்த மாணவியை அழைத்து விரலை வைத்தார். நான்காம் பிரிவு: ஒவ்வொரு நகலுக்கும் எவ்வளவு விலையும் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம், ஆதரவையோ உத்தரவாதத்தையோ கட்டணத்துக்குத் தரலாம். பிறகு கீழே இறக்கச் சொல்லி, பதினைந்தாம் பிரிவு. அது முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு இந்த நிரலுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பழுதானால் செலவு உங்களுடையது.

“எழுதினவன் பொறுப்பேற்கவில்லை. வேறு யாராவது பொறுப்பேற்றுக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். அப்படியானால் இதில் பொறுப்புதான் சரக்கு. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

பொருளியல் வகுப்பில் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டியதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். லினக்ஸை வைத்துத் தொழில் செய்யும் ரெட் ஹாட் நிறுவனம் வளர்ந்தது அப்படித்தான். மென்பொருளின் மூலநிரல் திறந்தே கிடந்தது. அதைப் பராமரிக்கும் பொறுப்பை நிறுவனங்களுக்குச் சந்தாவாக விற்றது. 2019-ல் ஐபிஎம் அதை வாங்கக் கொடுத்த விலை 3,400 கோடி டாலர். லினக்ஸின் மையப் பகுதியான கருவில் (கெர்னல்) வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்கள். ‘சேவை’ என்று எங்கள் செயலாளர் சொன்னது நல்லெண்ணத்தில்தான், ஆனால் உண்மையில் கால்வாசி. கணக்குத் தெரிந்த ஊரில் கால்வாசி உண்மை செல்லுபடியாகாது.

நான் ரெட் ஹாட் கதையைச் சொன்னதும் பெரியவர் திருப்தியாகக் கேட்டார். எழுந்திருக்கும்போது கடைசிக் கேள்வி வந்தது.

“சரி. அவன் பொறுப்பு அவனுக்கு. உங்கள் பொறுப்பு என்ன? இன்றைக்கு என் பேரன் கணினியில் இதைப் போடுகிறீர்கள். அடுத்த மாதம் ஓடவில்லை என்றால் யாரிடம் வருவது?”

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

ஏழு விசை

அன்று இரவு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். படக்காட்சியை நிறுத்துவது என்று முடிவாயிற்று. வந்தவர் கணினியின் பயாஸில் யாரும் கைவைக்கக் கூடாது. கண்காட்சியில் எங்கள் கணினிகளில் மட்டுமே காட்ட வேண்டும். பதாகையின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, ‘கட்டற்ற மென்பொருள். உங்கள் வேலையைக் கொண்டுவாருங்கள், செய்து பார்ப்போம்’ என்று கையால் எழுதினார்கள். எழுத்து கோணலாக இருந்தது. அச்சடித்ததைவிட அதைத்தான் நின்று படித்தார்கள்.

மறுநாள் முதலில் வந்தவர் பக்கத்துக் கடை அக்கா. சுய உதவிக் குழுவின் கணக்கு அவர் பொறுப்பு. கையில் மாவு ஒட்டிய நோட்டுப் புத்தகம். “தம்பி, இந்தக் கணக்கை அதில் போட முடியுமா? எனக்கு இங்கிலீஷ் வராது.”

எங்கள் கணினிகளில் ஒன்றில் தமிழ்99 விசைப்பலகை அமைத்து, விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதில்லை. அக்கா முதலில் அடிக்க விரும்பிய சொல் ‘கொட்டான்’. க, ஒ, ட, ட, ஆ, ன, புள்ளி. ஏழு விசை. முதல் டகரத்துக்குப் புள்ளி வைக்க அவர் விரல் தேடியபோது, “வேண்டாம் அக்கா, இன்னொரு ட அடியுங்கள்” என்றார் மாணவர். ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். திரையில் ‘ட்ட’ வந்தது. “அட, தமிழ் தெரிந்த பெட்டி!” என்றார் அக்கா.

லிப்ரெஆபிஸ் கால்க் என்ற கட்டற்ற கணக்குத்தாள் மென்பொருளில் அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு என்று செலவு இறங்கியது. மாணவர் கூட்டுத்தொகைச் சூத்திரத்தைப் போட்டுவிட்டார். பிறகு கூலி நினைவுக்கு வர, அதைக் கீழே ஒரு வரியாகச் சேர்த்தார். அக்கா திரையைப் பார்க்காமல் மனக்கணக்கில் கூட்டி, “குறைகிறதே” என்றார். சூத்திரத்தின் எல்லைக்கு வெளியே கூலி நின்றுவிட்டது. “உங்கள் பெட்டி கூலி கொடுக்காது போலிருக்கிறது, தம்பி!”

பணியார வரிசை சிரித்தது. சிரித்தவர்கள் உள்ளே வந்தார்கள். ஆத்தங்குடிக் கல் கைவினைஞரைச் சுற்றி ஏன் கூட்டம் நின்றது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் நடுநடுவே ஒரு வண்ணத்தைத் தவறவிட்டுத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அதன்பின் பகல் முழுவதும் வேலை இருந்தது. ஒரு மாணவிக்கு விண்ணப்பப் படத்தின் பின்னணியை ஜிம்ப் என்ற படத்திருத்தியில் மாற்ற வேண்டும். இன்னொருவருக்குக் கோலத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து பெரிதாக அச்சிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள், வீடியோ ஓட்டும் வி.எல்.சி.யின் கூம்புச் சின்னத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். அது 1996-ல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம் என்றதும் நம்பவில்லை. ஜிம்பும் பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கியதுதான் என்று எங்கள் செயலாளர் சேர்த்துச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிமிர்வு நான்கு சுதந்திரங்களைப் படித்தபோது இல்லை.

அச்சக அண்ணன்

இந்த ஆய்வில் தோல்வி என்று எழுத வேண்டியதும் ஒன்று உண்டு. திருமண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்துக்காரர் ஒருவர் தம் கோப்புகளோடு வந்தார். இருபது ஆண்டு வேலை. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். பாமினியைப் பொறுத்தவரை தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட சட்டைதான். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினால்தான் கணினிக்கு அது தமிழ் என்று தெரியும்.

லிப்ரெஆபிஸின் வரைபடப் பகுதியான டிரா, 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். மாணவர்கள் உற்சாகமாகத் திறந்தார்கள். திறந்தது. ஆனால் பிள்ளையார் ஒரு பக்கம், முகூர்த்த நேரம் ஒரு பக்கம். மணமகன் பெயர் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

“அண்ணே, நீங்கள் மாற வேண்டாம். முகூர்த்த நாளில் உங்களால் இதோடு மல்லுக்கட்ட முடியாது” என்றார் செயலாளர். மன்றத்தினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு, அந்த இரண்டு நாளில் அவர் சொன்ன ஆகச் சிறந்த வாக்கியம் அதுதான். அச்சகத்துக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. “வேறு எதற்கு இது எனக்கு உதவும்?” என்றார். விண்டோஸ் எழாமல் போனால், வட்டு உயிரோடு இருக்கும்வரை, பென் டிரைவ் லினக்ஸில் ஏறிக் கோப்புகளை வெளியே எடுக்கலாம். வட்டு மறையாக்கப்பட்டிருந்தால் மட்டும் சாவி வேண்டும் என்றோம். அப்படி ஒன்றை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து ஒரு இரவு அது உதவியதாம். மறுநாள் ஒரு கொட்டான் நிறையச் சீப்புச் சீடை வந்தது.

புதன்கிழமை

பெரியவரின் கேள்விக்குப் பதிலாக மன்றம் ஒரு சீட்டு அடித்தது. கால்பக்கத் தாள். ‘புதன்தோறும் மாலை 4 முதல் 5.30 வரை, முதல் மாடி ஆய்வகம். நாங்கள் போட்டுக்கொடுத்ததில் கோளாறு என்றால் கொண்டுவாருங்கள். கட்டணம் இல்லை. கோப்புகளுக்கு நகல் எடுத்த பிறகே கைவைப்போம். முடியாததை முடியாது என்று சொல்வோம்.’ கீழே மூன்று மாணவர்களின் கையெழுத்தும் என்னுடையதும். இரண்டாம் நாள் பகலில் பெரியவர் பேரனோடு வந்து அதை வாங்கிப் படித்து, மடித்து, இரண்டு பேனாவுக்கு நடுவே வைத்துக்கொண்டார். பேரனின் கணினியை அடுத்த புதன்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். கொண்டுவந்தார்.

அக்காவும் வந்தார், மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியோடு. அந்தக் காலத்தில் வந்த பல கணினிகளைப்போல அதிலும் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. “கணினி எழும்போது இரண்டு பெயர் வரும், இரண்டாவதைத் தொடாதே என்று சொல்லியிருந்தார்கள்” என்றாள் மகள். கட்டற்ற மென்பொருள் ஏற்கெனவே அவர்கள் வீட்டுக்கு வந்து, பல ஆண்டு பரணில் கிடந்திருக்கிறது. பழைய வட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டோம், அதற்கு மட்டும் அவர்கள் செலவு. எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த திரைச்சூழலோடு லினக்ஸ் ஏறியது. முறுக்குக் கணக்கு இப்போது அதில்தான் இருக்கிறது, கூலியும் சேர்த்து.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. செயலாளரும் சீட்டில் கையெழுத்திட்ட இன்னொருவரும் இந்த ஏப்ரலில் படிப்பை முடித்துப் போகிறார்கள். கோடை விடுமுறையில் ஆய்வகம் பூட்டிக்கிடக்கும். பெரியவர் இதையும் விட்டுவைக்கவில்லை: “மே மாதம் புதன்கிழமை வராதா?” என்றார். மன்றத்தின் பழுதுப் பதிவேடு இப்போது உரிமத்தைத் திறந்து காட்டிய அந்த மாணவியிடம் இருக்கிறது. எந்தக் கணினி, என்ன போட்டோம், என்ன கெட்டது, யார் சரிசெய்தார் என்று தேதிவாரியாக எழுதுகிறார். சென்ற வாரம் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: ‘மே மாதம்: தேவகோட்டையில்தான் இருப்பேன். புதன் மாலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். ஆய்வகச் சாவி யாரிடம் என்று ஐயாவிடம் கேட்க வேண்டும்.’

சாவிக்கான விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.